நூறு மைல் தள்ளி

வரைபட அறையில் ஆமையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இப்படி ஒரு விதி இருப்பதாக எவரும் எவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் அதுவே ஆமையைப் பற்றிப் பேசியதாகிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர் இரண்டொரு நாளில் தானாகவே புரிந்துகொள்வார். போர்க்காலத்தில் கம்பெனி இழந்த கப்பல்கள் நான்கு. மூன்றைப் பற்றித் தேநீர் வேளையில் தாராளமாகப் பேசலாம். அவற்றின் சமையல்காரர்களைப் பற்றிச் சிரிக்கவும் செய்யலாம். பேச்சு நான்காவதை நெருங்கும்போது மட்டும் யாராவது ஒருவருக்கு இருமல் வரும், இன்னொருவருக்குப் பேனாவில் மை தீர்ந்துபோகும், மூன்றாமவர் எழுந்து சன்னலைச் சாத்தப் போவார்.

ஆமை என்பது மாலுமிகள் வைத்த செல்லப் பெயர். முக்கி முனகினாலும் மணிக்கு ஒன்பது மைலுக்கு மேல் போகாத சரக்குக் கப்பல் அது. மூன்றாமவர் என்பதும் பட்டப்பெயர்தான். ஆமையில் மூன்றாம் அதிகாரியாக இருந்தவர் அவர். எதிரியிடம் பிடிபட்டு, மூன்று ஆண்டுகள் சிறை முகாமில் கிடந்து, போர் முடிந்து கரை திரும்பியபின் கடலுக்குப் போக மாட்டேன் என்றுவிட்டார். கம்பெனி அவரை வரைபட அறைக்கு அனுப்பியது. பதவி போனாலும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அறை இரண்டாம் மாடியில் இருந்தது. வடக்குப் பக்கம் முழுக்கச் சன்னல். அதன்கீழ் மூன்று நீண்ட மேசைகள். மற்ற மூன்று சுவர்களிலும் கடல் வரைபடங்களைப் படுக்கவைத்த ஆழமற்ற இழுப்பறைகள். வாரந்தோறும் திருத்த அறிவிப்பு வரும். எங்கோ ஒரு மிதவை இடம் மாறியிருக்கும், ஒரு விளக்கு அணைந்திருக்கும், ஆழமென்று நினைத்த இடத்தில் மணல் ஏறியிருக்கும். அதை ஊதா மையில் வரைபடத்தில் ஏற்றி, கீழ் மூலையில் அறிவிப்பின் எண்ணை எழுத வேண்டும். தலைமுடி அகலம் பிசகினாலும் எங்கோ ஒரு கப்பல் தரை தட்டும். ஆகவே அந்த அறையில் தவறு என்ற சொல்லுக்கு வெளியுலகில் இல்லாத கனம் இருந்தது.

மூன்றாமவரின் மேசையில் எதிர்ப்பக்கம் அமர்ந்தவள் நூலம்மா. நூல் பிடித்தாற்போல் கோடு இழுப்பாள் என்பதால் அந்தப் பெயர். முப்பதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள். ஆமையின் ரேடியோ அதிகாரிக்கு ஒரே தங்கை.

விதி யாருக்காக என்பது இப்போது விளங்கும். ஆமையோடு போனவர்கள் இருபத்து மூன்று பேர். அவர்கள் பிழைக்காமல் போனதற்குக் காரணம் நூலம்மாவின் அண்ணன் என்பது விசாரணை அறிக்கையின் முடிவு. எதிரியின் கப்பல் எதிர்ப்பட்டபோது அவன் ரேடியோவில் உதவி கேட்டான். கேட்டவன், தாங்கள் இருந்த இடத்தை நூறு மைல் தள்ளிச் சொல்லிவிட்டான். தேடி வந்த போர்க்கப்பல் வெறும் தண்ணீரை இரண்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்பியது. பதற்றத்தில் நேர்ந்த பிழை என்று அறிக்கை கருணையோடு எழுதியிருந்தது. வேலைக்கான விண்ணப்பத்தில் ‘கம்பெனியில் பணிபுரிந்த உறவினர்’ என்ற இடத்தை நூலம்மா வெறுமையாக விட்டிருந்தாள். எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் நல்லவர்கள். எனவே இருமினார்கள்.

அறையின் சிரிப்புக்குப் பொறுப்பேற்றிருந்தவர் அழிரப்பர். எழுதியதைவிட அழித்ததே அதிகம் என்பதால் அவருக்கு அந்தப் பட்டம். அவருடைய கேலிக்கு நிரந்தரமாக ஆளாகிறவர் மூன்றாமவர்.

“இங்க பாருங்கப்பா,” என்பார், “நாளைக்கு வர்ற அறிவிப்போட நம்பர் தெரியும், தேதி தெரியும். இன்னைக்கே மூலையில எழுதி வச்சா நாளைக்கு அரைமணி நேரம் மிச்சம். நம்ம ஆளு எழுதுவாரா? மாட்டாரு! செத்தாலும் மாட்டாரு. நாளைக்கு விடியுமான்னே அவருக்குச் சந்தேகம்!”

“விடிஞ்சப்புறம் எழுதிக்கலாம்,” என்பார் மூன்றாமவர், தலை நிமிராமல்.

“அண்ணன் சொல்றதுதான் சரி,” என்பாள் நூலம்மா. மூன்றாமவரை அவள் அண்ணே என்றுதான் அழைப்பாள். அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் அவர் சட்டைக்குள் எறும்பு போல் ஊர்வதை அவள் எப்படி அறிவாள்?

ஒரு திங்கட்கிழமை மேலாளர் படியேறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே அபூர்வம். நூலம்மா கீழ்த்தளக் கிடங்குக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. கம்பெனி வாசல் கூடத்தில் ஒரு செப்புத் தகடு பதிக்கப்போகிறது. ஆமையில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்து. பெயர்கள் பொறிக்கக் கடைக்குப் போய்விட்டன. அடுத்த சனிக்கிழமை காலை திறப்பு. கரை திரும்பிய அறுவரில் இன்னும் கம்பெனியில் இருப்பவர் மூன்றாமவர் ஒருவரே. ஆகவே துணியை விலக்க வேண்டியவர் அவர்தான்.

“இருபத்து மூணு பேரும் இருக்காங்களா ஐயா?” என்று கேட்டார் மூன்றாமவர்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருபத்து ரெண்டு. பெரிய இன்ஜினியரோட மனைவி வந்திருந்தாங்க. மத்த குடும்பங்களும் கூடவே. ‘எங்க வீட்டு ஆளுங்களைக் கொன்னவன் பேரை எங்க வீட்டு ஆளுங்களுக்குப் பக்கத்துல எழுதுவீங்களா?’ன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்? நூலம்மாகிட்ட நானே பேசிட்டேன். பாவம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. ‘சரிங்க ஐயா’ன்னுடுச்சு. தங்கமான பொண்ணு.”

அழிரப்பர் இருமினார். இந்த முறை இருமல் உண்மையாகவே வந்ததுபோல் இருந்தது.

மறுநாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனபின்னும் நூலம்மா எழவில்லை. பேனா முனையைத் துணியில் துடைத்தாள், பின் மீண்டும் துடைத்தாள். மூன்றாமவர் கவராயத்தை விரித்து ஒரு கலங்கரை விளக்கின் தூரத்தை அளந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆறு வருஷமா சொல்லணும்னு நினைச்சேன்.”

“சொல்லும்மா.”

“எங்கண்ணனாலதானே நீங்க மூணு வருஷம் அங்க கிடந்தீங்க? உங்க காலு அப்படி ஆனதும் அங்கதானே? நீங்க எனக்குக் கோடு இழுக்கச் சொல்லிக் குடுத்தீங்க. ஒருநாளும் முகம் சுளிச்சதில்ல. நான்தான் மன்னிப்புக்கூடக் கேக்காம எதிர்லயே உக்காந்திருந்தேன். அவனுக்குப் பதிலா நான் கேக்கறேன். மன்னிச்சிடுங்கண்ணே.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு வேறு வேலை கிடைத்திருக்கும். தண்ணீர் எடுத்துவரப் போயிருக்கலாம். நேராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கவராயத்தை மடக்கி மேசையில் வைத்தார். அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“பரவாயில்லம்மா. விடு. மனசுல வச்சுக்காத.”

மன்னித்துவிட்டார்! சொல்லி முடித்த கணத்தில் அந்தச் சொற்கள் அவருக்கு எதிரே மேசைமேல் விழுந்து கிடப்பதுபோல் தோன்றியது. அவற்றைத் திரும்ப எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வழியில்லை. நூலம்மா பெரிய சுமையை இறக்கிவைத்தவள்போல் மூச்சு விட்டாள், “ரொம்ப நன்றிண்ணே” என்றாள், சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆமையில் நடந்தது இது.

போர்க்காலத்தில் தனியாகச் செல்லும் கப்பல் ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். தாக்கப்பட்டால் மட்டும் உடனே அபாயச் செய்தி அனுப்ப வேண்டும், கூடவே இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். ரேடியோ அறையில் இருப்பவனுக்குக் கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நின்று கணக்குப் போடுகிறவர்களின் வேலை. ஆகவே நாளில் நான்கு வேளை, இடத்தை ஒரு சீட்டில் எழுதி ரேடியோ அறையில் குத்தி வைப்பார்கள். ஆபத்து வந்தால் கேட்டுக்கொண்டிருக்க நேரமிராது. சீட்டில் உள்ளதை அப்படியே அனுப்புவான். ஆமையில் இந்தச் சீட்டு மூன்றாமவரின் பொறுப்பு.

அவர் அப்போது இளைஞர், சுறுசுறுப்பானவர், தன் சுறுசுறுப்பில் கொஞ்சம் கர்வமும் உள்ளவர். கப்பல் ஒரே திசையில் ஒரே ஒன்பது மைல் வேகத்தில் போகிறது. நாளை எட்டு மணிக்கு எங்கே இருக்கும் என்பதை இன்றே கணக்கிட முடியாதா என்ன? மதியம் சாப்பிட்டவுடன் மறுநாளைக்கான நான்கு சீட்டுகளையும் முத்து முத்தாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நேரம் வரும்போது குத்துவார், அவ்வளவுதான். கேப்டன்கூட அவர் கையெழுத்தைப் பாராட்டியிருக்கிறார்.

அந்த இரவு எட்டரை மணிக்கு, அவருடைய முறையில், கேப்டன் பிரிட்ஜுக்கு வந்தார். முன்னால் எதிரி நடமாட்டம் என்று எச்சரிக்கை வந்திருந்தது. கப்பலைத் தெற்கே திருப்பச் சொன்னார். சுக்கான் பிடித்தவனுக்குக் கட்டளை இட்டவர் மூன்றாமவர். பெரிய திருப்பம். அதற்குப்பின் ஆமை ஊர்ந்த ஒவ்வொரு மணி நேரமும் அவர் சட்டைப் பையிலிருந்த நான்கு சீட்டுகளிலிருந்து விலகிக்கொண்டே போயிற்று.

காலை எட்டு மணிக்கு அவருக்கு அது நினைவிருந்தது. மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள அவர் எத்தனையோ முறை முயன்றிருக்கிறார், முடியவில்லை. நன்றாக நினைவிருந்தது. வானம் மூடியிருந்தது, நண்பகலில் சூரியன் தெரிந்தால் சரியாகக் கணக்கிட்டுப் புதுச் சீட்டு எழுதலாம், அதற்குள் நாலு மணி நேரத்தில் என்ன வந்துவிடப்போகிறது? சீட்டே இல்லாமல் இருப்பதைவிட ஏதோ ஒன்று இருக்கட்டும் என்று பழைய சீட்டைக் குத்தினார். ரேடியோக்காரன் வாயில் ரொட்டியோடு, “எங்க சார் இருக்கோம், சொர்க்கத்துக்குப் பக்கத்துலயா?” என்றான். “இன்னும் கொஞ்ச தூரம்” என்றார் இவர். இருவரும் சிரித்தார்கள்.

பதினொன்று பத்துக்கு, சரக்குக் கப்பல் போலவே வேடமிட்டு நெருங்கிய ஒன்று தன் கொடியை மாற்றியது. பக்கவாட்டுத் தட்டிகள் விழுந்து பீரங்கிகள் தெரிந்தன. ரேடியோவைத் தொடாதே என்று விளக்கால் எச்சரித்தது. அனுப்பு என்றார் கேப்டன். பிரிட்ஜிலிருந்து ரேடியோ அறைக்குப் பேச்சுக்குழாய் ஒன்று உண்டு. அதன் பித்தளை வாய் மூன்றாமவரின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கேப்டன் திரும்பி, “புது இடம் அவன்கிட்ட இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு சார்.”

ஏன் அப்படிச் சொன்னார்? பயத்தால் என்று சொன்னால் மதிப்பாக இருக்கும். பீரங்கிக்கு அவர் பயப்படவில்லை. கேப்டனின் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் பயந்தார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டால் பையன் சொல்லும் பதில் அது. சொன்னபின் குழாயில் வாய் வைத்துச் சரியான இடத்தைச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் கேப்டனுக்குப் பொய் தெரிந்துவிடும். முதல் குண்டு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது படகுகளைச் சிதறடித்தது. குழாய் வழியே தந்திச் சாவியின் தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. ரேடியோக்காரன் ஓடவில்லை, பதறவில்லை. ஒரே சீராக, திரும்பத் திரும்ப, மூன்றாமவரின் அழகான கையெழுத்தில் இருந்ததை அனுப்பினான். நான்கு நிமிடம். பிறகு ரேடியோக் கம்பம் சாய்ந்தது, தட்டல் நின்றது.

எதிரிகள் ஏறிவந்து கப்பலைப் பிடித்தார்கள். மூன்றாமவரையும் ஐந்து மாலுமிகளையும் தங்கள் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். மற்ற இருபத்து மூவரையும் ஆமையிலேயே அடைத்து, தங்கள் ஆட்கள் சிலரை ஏற்றி, தங்கள் நாட்டை நோக்கி ஓட்டினார்கள். ஐந்தாம் நாளுக்குப்பின் ஆமையைப் பற்றி யாருக்கும், எதிரிகளுக்கும்கூட, எந்தச் செய்தியும் இல்லை. புயலோ, கண்ணிவெடியோ, கடலுக்கே தெரியும். தேடி வந்த போர்க்கப்பல் சரியான இடத்துக்குப் போயிருந்தால் மறுநாள் காலையிலேயே ஆமையின் புகையைக் கண்டிருக்கும் என்றது அறிக்கை.

போருக்குப்பின் கிடைத்த எதிரியின் பதிவேட்டிலிருந்துதான் அந்த நூறு மைல் தெரியவந்தது. விசாரணையில் அவரிடம் கேட்டார்கள்: ரேடியோ அறைக்கு இடம் கொடுக்கப்பட்டதா? “வழக்கப்படி கொடுக்கப்பட்டது” என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. சிறையிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தவரை யார் குடைவார்கள்?

புதன்கிழமை மூன்றாமவர் மேலாளரின் அறைக்குப் போனார். உண்மையைச் சொல்லப் போகவில்லை. உண்மையைச் சொல்லாமலே காரியத்தை முடிக்க முடியுமா என்று பார்க்கப் போனார்.

“ஐயா, அந்தப் பையன் பேரையும் சேர்த்துடுங்க. கடைசி வரைக்கும் உக்காந்த இடத்தைவிட்டு எழுந்திரிக்காதவன் ஐயா அவன்.”

மேலாளர் எழுந்து வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். “உங்க பெருந்தன்மைக்கு முன்னாடி நான் சின்ன ஆளு. அவங்ககிட்ட சொல்லிப் பாக்கறேன்.”

சொல்லியும் பார்த்தார். பெரிய இன்ஜினியரின் மனைவி, வியாழக்கிழமை, மூன்றாமவரைத் தேடி மாடிக்கே வந்துவிட்டார். கனத்த உடம்பு, படியேறிய மூச்சிரைப்பு, கைப்பிடி தேய்ந்த கறுப்புக் குடை. வாசலிலேயே நின்று பேசினார். நல்லவேளை, நூலம்மா அன்று விடுப்பு.

“தம்பி, நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிக்கலாம். நீங்க திரும்பி வந்தவரு. எங்க வீட்டுக்காரரு வரலியே! இருபத்து ரெண்டு வீட்டுல அவரவர் கஷ்டம். நான் அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்லல. அவன் பேரு மட்டும் வேணாம். நீங்க அவனுக்காகப் பேசாதீங்க தம்பி, எனக்கு உங்கமேல இருக்கற மரியாதை குறைஞ்சுடும்.”

“குறையட்டும்மா,” என்றார் அவர். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அந்த அம்மாள் அதையும் பெருந்தன்மையின் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அவர் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

சனிக்கிழமை காலை அவர் மனைவி, சட்டைக் காலரை ஈரத்துணி வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: “அந்தப் பொண்ணு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுச்சாமே? அதுவே அழிரப்பர்கிட்ட சொல்லுச்சாம், அவர் வீட்டுல சொன்னாங்க. நீங்க என்ன சொன்னீங்க?”

“பரவாயில்லன்னேன்.”

“வேற யாராவது இருந்தா ரெண்டு வார்த்தை கேட்டிருப்பாங்க. உங்களை மாதிரி ஒருத்தரைக் கட்டிக்கிட்டதுக்கு நான் குடுத்து வச்சிருக்கணும்.” தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “என்ன முழிக்கறீங்க? போட்டுக்கங்க, சூடு ஆறிடப்போகுது.”

சட்டையின் வெதுவெதுப்பு முதுகில் பட்டபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பத்து ஆண்டுகளாகப் பிறர் கொடுத்த மரியாதையையெல்லாம் இப்படித்தான் இதமாக உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறார்.

பத்து மணிக்கு வாசல் கூடம் நிறைந்திருந்தது. குடும்பத்தார் முன்வரிசை நாற்காலிகளில், எழுத்தர்கள் சுவரோரமாக, வரைபட அறைக்காரர்கள் படிக்கட்டில். நூலம்மா வரமாட்டாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வந்திருந்தாள். கடைசிப் படியருகே, கைகளை முன்னால் கோத்து, தலைகுனிந்து நின்றாள். அவளைச் சுற்றி ஓராள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு மற்றவர்கள் நின்றிருந்தார்கள். அழிரப்பர் மட்டும் அந்த இடைவெளிக்குள் நகர்ந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மேலாளர் பேசினார். தியாகம் என்றார், கடமை என்றார். ஆமையின் பெயரை அவரும் சொல்லவில்லை. ‘நாம் இழந்த அந்தக் கப்பல்’ என்றே சுற்றி வந்தார். பிறகு மூன்றாமவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். துன்பத்தைப் பொறுத்தவர், பகையை மறந்தவர், தனக்குத் தீங்கு நேரக் காரணமானவர்களையும் மன்னித்தவர். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நூலம்மாவின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

“வாங்க,” என்றார் மேலாளர்.

மூன்றாமவர் காலை இழுத்துக்கொண்டு போய்த் துணியை விலக்கினார். இருபத்து இரண்டு பெயர்கள் நெருக்கமின்றி, அழகாகப் பொறிக்கப்பட்டிருந்தன. கேப்டனின் பெயர் முதலில். அதைப் பார்த்தார். அந்த முகம் சுருங்குவதைப் பார்க்கப் பயந்த மனிதர், ஒரு கூடம் நிறைந்த முகங்களின் பக்கம் திரும்பினார். கைதட்ட உயர்ந்த கைகள் அவர் பேசப்போவது தெரிந்து பாதியில் நின்றன.

“ஆமையைப் பத்திப் பேசணும்,” என்றார்.

உடனே இரண்டு மூன்று பேர் இருமினார்கள். மேலாளர் அவர் முழங்கையைத் தொட்டு, “அந்தப் பொண்ணு இருக்குங்க” என்று முணுமுணுத்தார்.

“தெரியும். அதனாலதான்.” அவர் குரல் உயர்ந்தது. “ஆமையோட ரேடியோ அதிகாரி தப்பா எதையும் அனுப்பல. அவன் முன்னாடி இருந்த சீட்டுல என்ன எழுதியிருந்துச்சோ அதைத்தான் அனுப்பினான். எழுதினது நான். மொத நாளு மத்தியானமே எழுதி வச்சுக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி கப்பல் திரும்பிடுச்சு. திருப்பினதும் நான்தான். காலையில பழைய சீட்டையே குத்திட்டேன். கேப்டன் கேட்டாரு, புது இடம்தான் இருக்குன்னு பொய் சொன்னேன். விசாரணையிலயும் மறைச்சேன். இத்தனை வருஷமா அவன் தங்கச்சிக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டேன். செவ்வாக்கிழமை அந்தப் பொண்ணு என்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு. நான் மன்னிச்சேன்.”

பெரிய இன்ஜினியரின் மனைவி குடையை ஊன்றி எழ முயன்று, முடியாமல் மீண்டும் உட்கார்ந்தார்.

படிக்கட்டருகே நூலம்மா தலை நிமிர்ந்திருந்தாள். கோத்திருந்த கைகள் பிரிந்தன. அவள் இரண்டடி முன்னால் வந்தாள். சுவரோரம் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். இதுவரை யாரும் அவளிடமிருந்து கேட்டிராத குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, அவள் கேட்டாள்:

“அவன் அனுப்பிக்கிட்டு இருந்தப்ப உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு,” என்றார் அவர். “நாலு நிமிஷமும் கேட்டுச்சு.”